பாண்டியம்மாள் சாகவில்லை

1994 ஜூலை 12, செவ்வாய்

காலையிலிருந்து புழுதிக் காற்று. லேப் ஜன்னலைச் சாத்திவிட்டு எங்கள் பள்ளி இதழ் 'நடப்பு' வேலை. பிளஸ் டூ பாடத்துக்கு நடுவே வாரா வாரம் நாலு பக்கம். செய்தி எழுதுவது நான். ஸ்டென்சிலில் வெட்டுவது மீனாள். அவள் கையெழுத்து முத்து. என்னுடையது கோழி கிளறியது.

பக். 1 - ருவாண்டா அகதிகள்.
பக். 2 - கால்பந்து.
பக். 3 - புதுவயல் ரைஸ்மில்லில் பாய்லர் வெடித்து ஒருவர் சாவு. பேப்பரில் வந்தது அப்படியே: 'பாண்டியம்மாள் (40), கூலித் தொழிலாளி.'
பக். 4 - பொது அறிவு. இன்னும் இரண்டு கேள்வி தேவை.

பக். 3 வெட்ட மீனாள் உட்கார்ந்தாள். அந்த மில்லில் அவள் அப்பாவுக்கு (அப்பச்சி என்பாள்) பங்கு உண்டு. "போடலாமா?" என்று கேட்டேன்.

"நடந்ததைத்தானே போடுறோம்."

மதியம் லெமன் சாதம். அம்மா இன்றும் உப்பை மறந்துவிட்டாள்.

ஜூலை 14, வியாழன்

இதழ் வந்தது. ஒரே ஒரு எழுத்துப் பிழை என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பாராட்டு. சந்தோஷம் நாலு மணி வரைதான்.

கடைசி பெல் அடித்ததும் வாட்ச்மேன் வந்தார். "பத்திரிகை போடுற பிள்ளைக யாரு? ஒரு பொம்பளையாளு கேட்டு நிக்கிறாக."

கேட் பக்கம் ஒரு அம்மா. கையில் மடித்த 'நடப்பு'. புதுவயலிலிருந்து வரும் யாரோ ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

"நான் செத்துட்டேன்னு இதுல போட்டிருக்கீகளாமே. நான்தான் பாண்டியம்மா."

மீனாள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "எனக்கு அன்னிக்குக் காய்ச்சல் தாயி. எங்க அக்கா மக காளீஸ்வரி, கமுதிப் பக்கத்துலேருந்து வந்திருந்தா, 'நான் போறேன் சித்தி'ன்னு எனக்குப் பதிலாப் போனா. மொத நாளு. அங்க யாருக்கும் அவளைத் தெரியாது. என் சேலை, என் தூக்குச்சட்டி. சட்டியில எம் பேரு வெட்டியிருக்கும். அதைப் பாத்துப் பேரு குடுத்துட்டாக. மூஞ்சி அடையாளம் தெரியலை. நான் ஓடிப்போயிச் சொல்றதுக்குள்ள பேப்பர்ல வந்துருச்சு."

"அவுகளுக்கு என்ன வயசு?" மீனாள்தான் கேட்டாள்.

"பதினேழு."

எங்கள் வயது.

"தெருவுல பிள்ளைக என்னையக் கண்டா ஓடுதுக. அது கெடக்கட்டும். எங்க அக்கா நம்ப மாட்டேங்குது. அது வந்து சேர்றதுக்குள்ள அடக்கம் பண்ணியாச்சு. 'பேப்பர்ல உம் பேருதானே இருக்கு, எம் மக எங்குட்டோ கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா, வந்துருவா'ங்குது. தினம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்துக்கிருது. பேப்பர் ஏஜெண்டுகிட்ட கேட்டா மதுரை ஆபீசுக்குப் போகச் சொல்றாக. நீங்களாச்சும் அவ பேரைப் போடுங்க தாயி."

போடுகிறோம் என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜூலை 15, வெள்ளி

அட்டெண்டன்ஸ். கலைச்செல்விக்குப் பிறகு மிஸ் ஒரு தடவை இருமிக்கொண்டு நிறுத்தினார். அந்த இடைவெளியில், இங்கிலீஷ் வரிசைப்படி, காளீஸ்வரி என்று வரப்போகிறது என்று நினைத்துவிட்டேன். கவிதா என்று கூப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

மீனாள் லீவ்.

சிஸ்டரிடம் சொன்னேன். "திருத்தம் போடலாம். பேரை மட்டும் போடு. மில்லைப் பத்தி வேண்டாம். நம்ம புதுக் கட்டடத்துக்கு யார் யார் உதவினாங்கன்னு உனக்குத் தெரியும்."

"எங்கே செத்தாங்கன்னு இல்லாம எப்படி சிஸ்டர்?"



ஜூலை 18, திங்கள்

கால்பந்தில் பிரேசில் ஜெயித்தது. பக். 2 ஆச்சு. மீனாள் இன்றும் வரவில்லை.

சனிக்கிழமை நடந்தது. எழுத வேண்டாம் என்று இருந்தேன். முடியவில்லை. தேவகோட்டை அத்தை வீட்டிலிருந்து திரும்பி, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன். நான் நீலத் தாவணி கட்டியிருந்தேன். சிமெண்ட் பெஞ்சிலிருந்து ஒரு அம்மா சட்டென்று எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு எட்டு வைத்தார். கிட்டத்தில் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த பஸ் வந்தது. மறுபடி எழுந்தார். பாண்டியம்மாளின் அதே மூக்கு, அதே நெற்றி.

யாரென்று தெரிந்தும் பேசாமல் வந்துவிட்டேன். நேற்றுச் சர்ச் பூசையில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு. நான் ஏன் காளீஸ்வரியாக இல்லை என்று கேட்கிற மாதிரி.

தாவணியைப் பெட்டியின் அடியில் வைத்தாயிற்று. அம்மா ஏன் என்று கேட்டாள். சாயம் போகுது என்றேன்.

ஜூலை 20, புதன்

மீனாள் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அப்பச்சிகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாக?"

"சோத்துல கையை வச்சவுக அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாக. மூணு நாளா என் மூஞ்சியப் பாக்கலை."

ஸ்டென்சிலை விரித்தாள். முதல் பக்கம், ருவாண்டாவுக்கு மேலே: 'சென்ற இதழில் தவறு செய்துவிட்டோம். புதுவயல் ரைஸ்மில் பாய்லர் வெடிப்பில் இறந்தவர் காளீஸ்வரி (17). அன்றுதான் முதன்முதலாக வேலைக்குப் போனவர். பாண்டியம்மாள் உயிரோடு இருக்கிறார்.'

சிஸ்டர் படித்தார்கள். "மில்லுன்னு இருக்கே."

"ஆமா சிஸ்டர். எங்க மில்லுதான்" என்றாள் மீனாள்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூலை 21, வியாழன்

சைக்ளோஸ்டைல் மெஷின் சண்டித்தனம். முதல் பத்துத் தாள் வீண். பிறகு ஓடியது.

கட்டு கட்டுவதற்குள் பாண்டியம்மாள் அக்காவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். என்னை அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. தாளை வாங்கிக்கொண்டார்.

"இதுல எது அவ பேரு?"

மீனாள் குனிந்து காட்டினாள். நான் வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார். மை ஒட்டியது. விரலைப் பார்த்தார்.

"இன்னும் காயலையே."

பாண்டியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. மைக் கையோடு தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"எம் மகளை எங்குட்டுப் பொதைச்சீக?"