அம்மாவுக்குப் போட்ட டிக்

அன்புள்ள அம்மாவுக்கு,

டெல்லியில நான் நல்லா இருக்கேன். உன் இடுப்பு வலி தேவலையா? தைலம் தேய்க்கிறியா?

பொங்கலுக்கு வந்தப்ப, ஆராய்ச்சிக்குன்னு சர்வே பேப்பரை வச்சு உன்கிட்டயும் கேள்வி கேட்டேனே. "போன ஏழு நாள்ல ஏதாவது வேலை பாத்தீங்களா?"ன்னு பேப்பர்ல இருந்தபடியே கேட்டேன். "நான் என்னத்தடி பாக்குறேன், வீட்லதான இருக்கேன்"ன்ன. நானும் 'வேலை இல்லை'ன்னு டிக் போட்டுட்டேன்.

நேத்து மீட்டிங்ல அந்த முடிவைத் திரையில காட்டுனாங்க. நம்ம பக்கம் நாங்க கேட்ட பொம்பளைகள்ல பாதிப் பேருக்கு வேலை இல்லையாம். "அப்ப பகலெல்லாம் என்னதான் செய்வாங்க?"ன்னு பெரிய சார் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேம்மா. அப்புறம் உனக்கு டிக் போட்ட பேப்பரைத் தேடி எடுத்துப் பாத்தேன், அம்புட்டுதான். வேற ஒண்ணுமில்ல, பயப்படாத.

நம்ம தெரு அருள்பாண்டி அண்ணே அடுத்த வாரம் இங்க வாராராம். பருப்புப்பொடியும், நீ கட்டுன மல்லி ஒரு முழமும் குடுத்துவிடு. வாடுனாலும் பரவாயில்ல.

ஆபீஸ் பஸ் வந்துருச்சு, முடிக்கிறேன். அன்னைக்கு நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள நீ பூக்கடைக்கு நாலு முழம் கட்டிட்ட. நான்தான் பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

உன் மக,
ரோகிணி