கேமராவில் ஒட்டிய பிளாஸ்திரி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம், அதில் அப்பா முழு நலம், நான் முக்கால் நலம். உன் நலத்தை ஒளிக்காமல் எழுது, நான் ஒளித்தது போதும்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் போன் கேமரா கெட்டுப்போகவில்லை. காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை இரண்டு மாதமாக அதன்மேல் ஒட்டி வைத்திருந்தேன். வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு, என்னம்மா கன்னமெல்லாம் இப்படி ஒட்டிப்போச்சு, டாக்டர்கிட்ட போனியா என்று தழுதழுத்தாயே, அன்று ஒட்டியது. நீயும் அங்கிருந்து கேமராவைச் சரிசெய்ய மூன்று முறை பாடம் நடத்தினாய், அப்பா என் முறைப்புக்குப் பயந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நடந்தது இதுதான். பல் டாக்டர் அறையில் கிடந்த பழைய பத்திரிகையில், உணவைச் செரிக்கும் நொதிகள் பிறக்கும்போதே ஒரு அளவோடுதான் வரும், கண்டபடி சாப்பிட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று போட்டிருந்தது. அச்சில் வந்துவிட்டால் உன் அம்மாவுக்கு அது வேதவாக்கு. பக்கத்தைக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து அன்றே சிக்கனத்தில் இறங்கினேன். காலையில் பாதி ரொட்டி, மதியம் ஒரு முட்டை, இரவுக்குப் பெருமூச்சு. அப்பாவிடம் பசியில்லை என்று சாதித்தேன். போன வாரம் பாத்திரம் தேய்க்கும்போது மோதிரம் விரலைவிட்டு நழுவித் தொட்டிக் குழாய்க்குள் போய்விட்டது. அடியில் படுத்துக் குழாயைக் கழற்றி மோதிரத்தோடு எழுந்த அப்பா என் விரலையே பார்த்தார், சட்டையை மாட்டினார், கிளம்பு என்றார்.

நம் பழைய டாக்டர்தான், நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்தபோது மை படிந்த கோட்டோடு வந்து என்னிடம் திட்டு வாங்குவாரே, அவர். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, வேறு ஒன்றுமில்லை, பட்டினிதான் என்றார். பத்திரிகையில் படித்ததைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் சலவை பாத்தீங்களேக்கா, ஒரு விரிப்பு ஒரு நோயாளியோட முடிஞ்சிடுமா என்று கேட்டார். அதெப்படி முடியும், வெளுத்து மறுபடி கட்டிலுக்குப் போகும், நைந்தால் கிழித்து வேறு எதற்காவது தைப்போம் என்று நான் பெருமையாக எடுத்துவிட்டேன். அதேதான் உங்க வயித்துலயும் நடக்குது என்றார். எச்சிலும் இரைப்பையும் கணையமும் தினமும் புதிதாகச் சுரக்கின்றனவாம், கணையம் மட்டுமே ஒரு லிட்டருக்கு மேல். ஒரு நொதி ஒரு உணவுத் துணுக்கை அறுத்ததோடு தீர்ந்துபோவதில்லை, அடுத்த துணுக்குக்குப் போகும். ஓய்ந்தபிறகு, அதுவும் புரதம்தானே, அதையும் குடல் செரித்து உறிஞ்சிக்கொள்ள, அந்தத் துண்டுகளை வைத்து உடம்பு வேண்டியதைச் செய்துகொள்ளும். சில நொதிகள் முழுசாகவே ரத்தத்தில் ஏறிக் கணையத்துக்குத் திரும்பும் என்று சொல்கிறவர்களும் உண்டாம், அது இன்னும் தீராத வழக்கு. நீங்க சாப்பிடாம இருந்தா செய்யறதையே அது கொறச்சுக்கும், நீங்க மிச்சம் புடிக்கலக்கா, பட்டறையை மூடிட்டு வர்றீங்க என்றார். வெளியே காத்திருந்த நோயாளிகள் முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். நான் அவசரத்தில் கிழித்த இடத்தில், ஆகவே எங்கள் பொடியை என்று கடைசி வரி பாதியில் நின்றது, அது கட்டுரையே இல்லை, பொடி விற்கும் விளம்பரம். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏன் செய்தேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்து ஊர் திரும்ப இன்னும் நாலு வருஷம் ஆகும்மா என்று நீ சொன்னாய் அல்லவா. பாதி சாப்பிட்டால் இரண்டு மடங்கு நாள் தாங்குவேன், நீ வரும்போது வாசல் கதவைத் திறக்க நான் இருப்பேன் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது கண்ணா, அவ்வளவுதான்.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு என்று எழுத எனக்கு முகமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிடு. பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டேன், பசை போகவில்லை, கொஞ்சம் மங்கலாகத் தெரிவேன். நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாலு வருஷத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வா.

மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு இதை எழுதும்,
உன் அம்மா