கோபாலனின் நாற்பது நிமிடம்

9 ஜனவரி 2010, சனி

பழைய கேமரா இன்று டேப்பைத் தின்றது. சோதனைக்குப் போட்ட டேப், நல்லவேளை. மூடியைத் திறந்தால் பழுப்பு நாடா இடியாப்பம் மாதிரி வெளியே வந்தது. என் வீட்டுக்காரர் இருந்தபோது வாங்கியது, பதினாறு வருஷம் உழைத்துவிட்டது. சாக இந்த வாரம்தானா கிடைத்தது?

22-ஆம் தேதி கோபாலனுக்கு ஆபரேஷன். தொண்டையில் புற்று, குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு அந்தக் குரல் இல்லை. டொரண்டோவில் மகள் சுபாஷிணிக்கு ஏழாம் மாதம், விமானம் ஏறக் கூடாது என்றுவிட்டார்கள். "பொறக்கப் போற புள்ளைக்கு எஞ் சத்தம் தெரியணும் மதினி" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்குக் கீழே இருபது வருஷம் வேலை பார்த்தவர். இப்போது இந்த டெல்லியில் எனக்குக் கீழ் மாடியில் இருக்கிறார். எங்கள் பாளையங்கோட்டைக்காரர்.

கல்யாண வீடியோக்காரனைக் கூப்பிடலாமே என்றாள் அவர் மனைவி அம்சவேணி. "அவன் திரை முழுக்க ரோஜாப்பூவைப் பறக்க விடுவான். நான் எடுக்கிறேன்" என்றேன். சொன்ன வாய் என்னுடையது.

11 ஜனவரி, திங்கள்

நேரு பிளேஸ் போய் டிஜிட்டல் கேமரா வாங்கினேன். விலை குறைந்தவற்றில் நல்லது. டேப் கிடையாது. தபால்தலை அளவுக்கு ஒரு கார்டு. "மாதாஜி, இஸே பச்சா பீ சலா லேகா" என்றான் கடைக்காரன், குழந்தைகூட இதை இயக்கிவிடுமாம். நான் பச்சா இல்லை என்று ஹிந்தியிலேயே சொன்னேன்.

கார்டைக் கையில் வைத்தால் பயமாக இருக்கிறது. டேப் என்றால் எவ்வளவு ஓடியது, எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும். இதில் மனிதர்கள் எங்கே இருப்பார்கள்?

13 ஜனவரி, புதன்

கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன், பென்சிலால் கோடிட்டு. ஆங்கிலம் படுமோசம். பள்ளியில் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஸிஸ்டர் கிளேர் சிவப்பு மையால் குளிப்பாட்டியிருப்பார். "பதிவு செய்யுமுன் கார்டை ஃபார்மேட் செய்க." பழைய கேமராவுக்கும் ஒவ்வொரு முறையும் முன்னால் ஹெட் க்ளீனர் கேசட் ஓட்டுவேன். அது போலத்தான். சீட்டில் எழுதிப் பையில் ஒட்டிவிட்டேன்: பேட்டரி, ஃபார்மேட், லென்ஸ்.

15 ஜனவரி, வெள்ளி

எடுத்தாயிற்று. நாற்பது நிமிடம். கோபாலன் எழுதி வைத்துப் படித்தார். நிமிர்ந்து உட்காரச் சொன்னேன், பழைய டீச்சர் புத்தி. மூன்று இடங்களில் திருப்பிப் படிக்கவைத்தேன். மூன்றாம் முறை தண்ணீர் கேட்டார். விழுங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போதாவது விட்டிருக்கலாமோ?

கார்டின் ஓரத்தில் பூட்டு மாதிரி சின்னப் பட்டை இருக்கிறது. தள்ளிப் பூட்டினேன். மீதி ஞாயிறன்று.

17 ஜனவரி, ஞாயிறு. மாலை.

இல்லை. இல்லவே இல்லை.

காலையில் கீழே போனேன். கார்டு பூட்டியிருக்கிறது என்றது கேமரா, பட்டையைத் திறந்தேன். சீட்டைப் பார்த்தேன். பேட்டரி. ஃபார்மேட். எல்லாம் அழியும், சரியா என்று கேட்டது. வெள்ளியன்றும் இதையேதான் கேட்டது, அன்றும் சரி என்றுதான் அமுக்கினேன், ஒன்றும் ஆகவில்லையே! அன்று கார்டு காலி. அதனால் ஆகவில்லை.

இன்று கோபாலனால் பேச முடியவில்லை. இரண்டு நிமிடம் இருமினார், போதும் என்று கை காட்டினார். மேலே வந்து பார்த்தால் அந்த இருமல் மட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை எங்கே? கடவுளே, நான் என்ன பண்ணிட்டேன்!

18 ஜனவரி, திங்கள்

ராத்திரியே கேமராவைச் சோதித்தேன். அதுதான் கெட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன், நானில்லை என்று. ஒரு மணி நேரம் ஜன்னலைப் படம் பிடித்தேன். காலையில் கடைக்குக் கொண்டுபோனதும் அவன் தலையிலே கை வைத்துக்கொண்டான். அழித்ததோடு விட்டிருந்தால் மீட்டிருக்கலாமாம். "ஊபர் ஸே ரெக்கார்ட் ஹோ கயா, மாதாஜி." அதன் மேலேயே பதிவாகிவிட்டதாம். கோபாலன் மேல் ஜன்னலைப் பூசிவிட்டேன்.

வரும்போது அவர்கள் கதவைக் கடக்கையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். சத்தம் கேட்கக் கூடாதே என்று. எழுபத்திரண்டு வயதில்.

19 ஜனவரி

சொல்லவில்லை.

20 ஜனவரி, புதன்

அம்சவேணி போன் செய்தாள். நாளை காலை அட்மிஷன். "வலி ஜாஸ்தியாயிட்டு அக்கா. பேசாதீங்கன்னுட்டாரு டாக்டர். நல்லவேளை, நீங்க முன்னாடியே எடுத்துட்டிய. அது ஒண்ணுதான் நிம்மதி."

ஆமாம் என்றேன். ஆமாம் என்றா சொன்னேன்? இன்னும் ஒரு பகல்தான் இருக்கிறது. சொன்னால் என்ன செய்வாள்? சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பேன், ஜன்னலையா?

21 ஜனவரி, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பொய் தயார் செய்திருந்தேன்: கூடுதலாகச் சின்னதாய் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று. கார்டு மாற்றிப் புதிதாகப் போட்டிருந்தேன். மேஜைமேல் வைத்து ஓட விட்டேன்.

"அதான் எடுத்தாச்சே மதினி" என்றார், கரகரவென்று.

அதோடு பொய் தீர்ந்துபோயிற்று. "அழிச்சிட்டேன் கோபாலன். புஸ்தகத்துல போட்டிருந்தபடி செஞ்சேன், எல்லாம் அழிஞ்சு போச்சு" என்றேன்.

அம்சவேணி முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபாலன் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன் மதினி, மூணு தடவை படிக்க வச்சியளே! நிமிந்து உக்காருங்கன்னு அதட்டினியளே! எல்லாத்தையும் துடைக்கவா? உங்ககிட்ட அண்ணாச்சி நாப்பது வருசம் எப்படித்தான் காலம் தள்ளுனாகளோ!"

டாக்டர் பேசாதீங்கன்னாரே என்று அம்சவேணி கையைப் பிடித்தாள். உதறிவிட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாதவர். திட்டிக்கொண்டே வந்தவர் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டார்.

"இது ஓடுதா? ஏட்டி சுபா, பாத்தியா ஒங்க பெரியம்மை பண்ணின காரியத்த! ஒம் புள்ளைய மட்டும் இவகிட்ட படிக்க அனுப்பிராத, என்னா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பாகி, கண்ணில் நீர் வந்து, பிறகு தலையணையில் சாய்ந்தார். நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பினாள். கேமராவில் பதினோரு நிமிடம். தாழ்வாரத்தில் அம்சவேணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

22 ஜனவரி

ஆறு மணி நேரம். பிழைத்துவிட்டார். கார்டைத் தொடவில்லை, தொடப் பயம்.

3 பிப்ரவரி

கடைக்காரனே சி.டி.யில் போட்டுக் கொடுத்தான். இரண்டு பிரதி, ஒன்று டொரண்டோவுக்கு. என் பேச்சு வரும் முதல் பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்சவேணி வாங்கிக்கொண்டாள், உள்ளே வரச் சொல்லவில்லை.

18 ஏப்ரல், ஞாயிறு

காலையில் அம்சவேணி மேலே வந்து, பேசுங்க என்று போனை நீட்டினாள். சுபாஷிணி. பெண் குழந்தை, பத்து நாள். "பெரியம்மா, எவ்வளவு அழுதாலும் அப்பா உங்கள ஏசறதப் போட்டா அடங்கிடறா" என்றாள்.

பின்னால் அந்த சி.டி. ஓடுவது கேட்டது. என் குரல்தான் முதலில், நடுங்கிக்கொண்டு. அப்புறம் அவருடையது.

அம்சவேணி காபி வேண்டுமா என்று கேட்காமல் தானே என் அடுக்களைக்குள் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.