பேசாத மேசை

திண்டிவனம்,
3.8.2025

அன்பு மகள் இசைவாணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். அங்கு நீயும் உன் பூட்ஸும் சுகமா? இரண்டு ஞாயிறாக உன் போன் வரவில்லை. பட்டாளத்தில் ஆபீசர் ஆகப்போகிறவளுக்கு பஸ் டிரைவரோடு பேச நேரம் ஏது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

டிவியில் ஒரு நாடகம் ஓடுகிறது. உன் அகாடமி மாதிரி ஓர் இடம். கூடப் படிப்பவர்கள் செய்த தப்பை ஒரு பெண் மேலதிகாரியிடம் சொல்லிவிடுகிறாள். அன்றிலிருந்து யாரும் அவளோடு பேசுவதில்லை. அவள் உட்கார்ந்தால் சாப்பாட்டு மேசையே காலியாகிவிடும். அந்தப் பிள்ளை அழவில்லை, கெஞ்சவில்லை. விடியலில் அணிவகுப்பில் நிமிர்ந்து நிற்கிறாள். எனக்குப் புல்லரித்துப்போய்விட்டது. விழுப்புரம் டெப்போ ஓய்வறையில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிறோம். "எப்டிண்ணே தாங்கிக்கினு நிக்குது அந்தப் பொண்ணு!" என்று கண்டக்டர் தேவா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறான்.

அங்கெல்லாம் நிஜமாகவே இப்படி நடக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா


அகாடமி,
10.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். பூட்ஸும் நலம். நாடகத்துக்கெல்லாம் உருகாதீர்கள், அதில் எல்லாமே கூட்டித்தான் காட்டுவார்கள்.

போன் செய்யாதது என் தப்பில்லை. இங்கே ஒருத்தி செய்த வேலையால் எங்கள் குழுவுக்கே இரண்டு மாதம் போன் கிடையாது. உங்கள் குரலைக் கேட்காமல் எனக்கு எப்படி இருக்கிறது தெரியுமா? அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

அன்பு மகள்,
இசைவாணி


திண்டிவனம்,
17.8.2025

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு மாதம் சீக்கிரம் ஓடிவிடும். அம்மா மல்லாட்டையை வறுத்துத் தோலைப் புடைத்து, வெல்லத்தில் உருண்டை பிடித்து அனுப்பியிருக்கிறாள். எல்லோருக்கும் கொடு.

நாடகத்தில் அந்தப் பெண்ணோடு ஒரே அறையில் தங்குகிற ஒருத்தி இருக்கிறாள். கெட்டவள் இல்லை. பேச வாயெடுக்கிறாள், மற்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்கிறாள். அவளைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "டிவிகிட்ட சண்ட போட்டுக்கினு கீறியே, உனக்கு இன்னா ஆச்சு?" என்று அம்மா சிரிக்கிறாள். உன்னைத் தைரியமாக வளர்த்துவிட்டோம் என்று எனக்கு நிம்மதி.

அன்புடன்,
அப்பா


அகாடமி,
26.8.2025

அப்பா,

அந்த அறைத்தோழி நான்தான்.

அவள் பெயர் பிரபாவதி. கன்னடப் பெண். தேர்வில் சிலர் பார்த்து எழுதினார்கள். அதிகாரி கேட்டபோது உண்மையைச் சொன்னது அவள் மட்டும்தான்; அதில்தான் எங்கள் எல்லோருக்கும் போன் போனது. எங்கள் இருவர் கட்டிலுக்கும் நடுவே ஒரு கைதான் இடைவெளி. ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. அம்மா அனுப்பிய உருண்டையை எல்லோருக்கும் கொடுத்தேன், அவளைத் தவிர. அன்று என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நேற்று மதியம் தட்டோடு அவளிடம் போய், "உட்காரலாமா?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இருமிவிட்டுத்தான் உட்காரச் சொன்னாள். பேசிப் பேசித்தான் குரல் குரலாக இருக்கும் போலிருக்கிறது. சுற்றி இருந்தவர்கள் எழுந்து போனார்கள். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். நான்தான் எழுந்து போகிற முதுகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இதை அவள் தனியாகத் தாங்கியிருக்கிறாள் அப்பா. மலைப்பாக இருக்கிறது.

இப்போது என்னோடும் யாரும் பேசுவதில்லை. பயிற்சி முடிய இன்னும் ஐந்து மாதம். பயமாகவும் இருக்கிறது.

இசைவாணி


திண்டிவனம்,
1.9.2025

என் மகளுக்கு,

உன் கடிதத்தை டெப்போவில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பாதியில் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். மீதியை நின்றபடியேதான் படித்தேன். "நாடகம் போட்டாச்சி, ஜல்தி வாண்ணே" என்று தேவா கூப்பிட்டான். நான் போகவில்லை.

தைரியமாக வளர்த்தோம் என்று பெருமை அடித்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாதம்மா. என் மகள் எனக்கு மேலே எங்கேயோ போய்விட்டாள். அண்ணாந்து பார்க்கிறேன்.

இதோடு பிரபாவதிக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுதத் தெரியும். நீதான் அவளுக்குப் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். அறையில் வேண்டாம், சாப்பாட்டு மேசையில் வைத்துப் படி. சத்தமாகப் படி. மற்றவர்களுக்குப் புரியாவிட்டால் போகிறது, நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது அவர்கள் காதில் விழட்டும்.

அப்பா