என்னிடம் என்ன குறை என்று கேட்டு வரச் சொன்னார்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்
18-7-2010, ஞாயிறு

பாப்பா வினோதினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பா சுகம், அப்பாவின் சர்க்கரை எங்கள் இரண்டு பேரையும்விட அதிக சுகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. புனேயில் மழை விடாமல் கொட்டுகிறது என்று டிவியில் காட்டினார்கள், நீயும் உன் ரூம் பெண்களும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வடலூர் ஜோதியை வேண்டிக்கொண்டேன். வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறவள் எதற்குத் திடீரென்று கடிதம் போடுகிறாள், யாருக்காவது ஏதாவதா என்று பதறாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கெட்ட செய்தி ஒன்று உண்டு, அதைச் செய்ததும் நான்தான். எனக்கு எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும் என்று உனக்கே தெரியும், அதனால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாமல் வரிசையாகப் படி.

முதலில் ஊர் சேதி. கெடிலம் ஆற்றில் தண்ணீர் இல்லை, கொசு மட்டும் இருக்கிறது. வடலூர் அத்தை மகன் கொளஞ்சியப்பனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அப்படியே அவன் மூக்கு, பாவம். நான் பி.ஏ. இரண்டாம் வருஷத்துக்கு வந்துவிட்டேன். சனி ஞாயிறு சிதம்பரம் போய் வருகிறேன், நீ நாலு வருஷம் இஞ்சினியரிங் படித்த ஊருக்கே நானும் நோட்டுப் புத்தகத்தோடு போய் இறங்குவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் எதுக்கும்மா என்று நீ கேட்டாய், அப்பாவின் ஆபீஸ்காரர்கள் கேட்டார்கள், கேட்காத ஒரே ஆள் கண்டக்டர் சாமிக்கண்ணுதான், ஏனென்றால் அவரும் என் வகுப்பு. ஐம்பத்தொரு வயது. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குவார், சார் பாடத்தை நிறுத்தினால் ஸ்டாப்பிங் வந்துவிட்டதென்று திடுக்கிட்டு விழிப்பார்.

இந்த வருஷம் எங்களுக்குச் சுய முன்னேற்றமும் மனித உறவுகளும் என்று ஒரு பாடம். நடத்துகிறவர் இளவரசு சார், வயது இருபத்தேழு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கணவன் மனைவி உறவைப் பேணுவது எப்படி என்று போர்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போடுகிறார். அதற்குள்ளேயே கால் நூற்றாண்டு முங்கிக் கிடக்கிற நாங்கள் எதிரே உட்கார்ந்து நோட்ஸ் எடுக்கிறோம். அதிகாலை நாலரைக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்றார். எழுந்தேன், மாறியது, பத்து மணிக்குக் கண் சொருகி புளிக்குழம்பு அடிப்பிடித்தது. தினமும் கண்ணாடி முன்னால் நின்று நான் மதிப்பு மிக்கவள், என்னால் முடியும் என்று மூன்று தடவை சொல்லச் சொன்னார். நம் வீட்டில் ஆள் முகம் முழுசாகத் தெரிகிற கண்ணாடி பாத்ரூமில்தானே இருக்கிறது. மூன்றாம் நாள் அப்பா கதவைத் தட்டி, உள்ள யாரு வந்துருக்காங்க என்றார். யாரும் வரல, என்னை நானே பாராட்டிக்கறேன் என்றேன். அத கூடத்துல நின்னு பண்ணு, நான் குளிக்கணும் என்றார். என் சுய முன்னேற்றம் அன்றோடு முடிந்தது.

இப்படிக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு அசைன்மென்ட் வந்து மாட்டியது. உங்களுக்கு நெருக்கமான மூன்று பேரிடம் போய் என்னிடம் என்ன குறை என்று கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதற்கு எதிர்ப்பேச்சு பேசாமல், நியாயம் சொல்லாமல், அப்படியே எழுதிக்கொண்டு வர வேண்டும் என்றார் இளவரசு சார். சாமிக்கண்ணு எழுந்து, சார், பொண்டாட்டிகிட்ட கேட்டா அடிஷனல் ஷீட் குடுப்பீங்களா என்றார். நான்கூடச் சிரித்தேன்.

அப்பாவிடம் முதலில் கேட்டேன். ஒரு குறை சொல்லுங்க என்றேன், ஒண்ணுதானா என்றார். குளித்து, இட்லி சாப்பிட்டு, பேப்பர் படித்து, மத்தியானம் வரைக்கும் யோசித்துவிட்டு, நீ கேள்வி கேட்டுட்டு பதிலையும் நீயே சொல்லிடற, மத்தவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள என்றார். நானா, எப்போ, அந்த ஃபேன் வாங்கின விஷயமா, அது உங்களுக்குத் தெரியாதுன்னுதான நானே கடைக்காரன்கிட்ட சொன்னேன், வேணும்னா பொண்ணைக் கேளுங்க, அவளும் இல்லன்னுதான் சொல்லுவா என்று நான் ஆரம்பிக்க, அவர் என் நோட்டை எடுத்து என் முன்னால் வைத்து, எழுதிக்க என்றார்.

இரண்டாவது ஆளாக உன் விருத்தாம்பாள் அத்தையைப் பிடிக்கலாம் என்று முந்தாநாள் வெள்ளிக்கிழமை வடலூர் போனேன். நாத்தனாரிடம் போய் என் குறையைச் சொல்லுங்கள் என்று கேட்ட முதல் பெண்பிள்ளை இந்தத் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அத்தை டிவியை நிறுத்தினார். உன் மாமா செத்த அன்றைக்கு அப்புறம் அந்த வீட்டில் சீரியல் நின்றது அன்றைக்குத்தான். காபி போட்டுக் கொடுத்து, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எழுதிக்க மலரு என்று ஆரம்பித்தார். என் மோரில் தண்ணீர் ஜாஸ்தி. வந்தவர்களை எப்போது கிளம்புகிறீர்கள் என்று முதல் வாயிலேயே கேட்கிறேன். கொளஞ்சியப்பன் கல்யாணத்தில் அவர்கள் வைத்துக் கொடுத்த புடவையை வேறு யாருக்கோ வைத்துக் கொடுத்து, அது சுற்றி அவர்களிடமே திரும்பி வந்தது. இப்படி எட்டு. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அப்புறம் அத்தை குரலை இறக்கினார்.

இன்னொண்ணு இருக்கு, ரெண்டு வருஷமா நெஞ்சுல வச்சிருக்கேன் என்றார். காடாம்புலியூர்லேருந்து முந்திரிப்பருப்பு விக்க வர்றவ ஒருத்தி, என்னக்கா, ஒம் மவனுக்குக் கடலூர்ல மாமன் பொண்ணையே நிச்சயம் பண்ணிட்டியாமே, எங்கூரு பொன்னி சொன்னாளேன்னு கேட்டா. எம் புள்ளைக்கு நிச்சயம், அது எனக்கே தெரியாது. பொன்னி யாருன்னு விசாரிச்சேன். அவ மவன் நம்ம வினோ கூடப் படிச்சவன்னாங்க. அப்புறம் எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்ல மலரு. அந்தப் பொண்ணு மொகத்துல சிரிப்பு போயி ரெண்டு வருஷம் ஆவுது, ஏன்னு நீ ஒரு தடவகூட யார்கிட்டயும் பொலம்பல, அதுலேயே தெரிஞ்சுபோச்சு என்றார். நான் பேனாவை மூடிப் பையில் போட்டேன்.

பாப்பா, இனிமேல் நான் கேலி பண்ணாமல் எழுதுகிறேன். 2008 ஜூன் மாதம், நான் கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருக்கும்போது நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன்னோடு படித்த கதிரவனைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல், பாக்கலாம்டி, அப்பாகிட்ட நேரம் பாத்துச் சொல்றேன் என்றேன். அடுத்த வியாழக்கிழமை உன்னிடமும் அப்பாவிடமும் டெய்லர் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பண்ருட்டி போய் பஸ் மாறி, காடாம்புலியூரில் விசாரித்துக் கதிரவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா பொன்னியிடம், வினோதினிக்கும் என் நாத்தனார் மகனுக்கும் நிச்சயம் ஆகிவிட்டது, அவளும் சம்மதித்துவிட்டாள், உங்கள் பிள்ளையிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள், நீங்களே சொல்லி விலகிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தேன். அந்த வாரமே கதிரவன், இனிமே பேச வேணாம், ஏன்னு உனக்கே தெரியும் என்று உனக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு நம்பரை மாற்றினான். ஏன் என்று உனக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். நீ பத்து நாள் சோறு தின்னாமல் கிடந்தாய். நான் உனக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டு, ஆம்பளைங்களே இப்படித்தான்டி என்றேன். இனிமே யாரையும் நம்ப மாட்டேம்மா என்றாய். என்னை நம்பு என்றேன். அதை இந்தக் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். சாதி ஒரு காரணம். நான் அதெல்லாம் பார்க்கிறவள் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பார்த்தேன். அதைவிட இன்னொரு காரணம் இருக்கிறது, அது வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கே புரிந்தது. அன்றைக்கு நீ என்னிடம் அனுமதி கேட்கவில்லை, சேதி சொன்னாய். என்னைக் கேட்காமலேயே என் மகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இதற்கு இளவரசு சார் புத்தகத்தில் பெரிய பெயர் ஏதோ இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் திமிர்.

வடலூரிலிருந்து நேரே வீட்டுக்கு வர எனக்கு மனசு வரவில்லை. பண்ருட்டி பஸ் ஏறிக் காடாம்புலியூரில் இறங்கினேன். பலாவும் முந்திரியும் விளைகிற ஊருக்கு என்ன வாங்கிப் போவது என்று தெரியாமல் வடலூரிலேயே ஆப்பிள் வாங்கியிருந்தேன். பொன்னி வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார், கை இரண்டும் கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நிச்சயம் ஒன்றும் நடக்கவில்லை, நான் சொன்னது பொய் என்றேன். அவர் கொட்டையை உடைப்பதை நிறுத்தவே இல்லை. அன்னைக்கே தெரியுங்க என்றார். பொண்ணுக்கு நிச்சயம் பண்ண அம்மா ரெண்டு பஸ் மாறி வந்து மொகம் தெரியாத வூட்டுல சொல்லிட்டுப் போவாங்களா, பத்திரிகை வச்சில்ல கூப்புடுவாங்க என்றார். அப்புறம் ஏன் பிள்ளையிடம் அதைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். எனக்கு மட்டும் ஒங்க பொண்ணு வேணும்னா இருந்துச்சு என்றார். டவுன்ல வளந்த பொண்ணு, இந்தப் பொகையும் எண்ணையும் அதுக்கு ஆவுமா, நாளைக்கு எம் புள்ளையும் இந்த வூட்டப் பாத்து மூக்கப் பொத்துவான்னு பயந்தேன், நீங்களா வந்து ஒரு பொய்யக் குடுத்தீங்க, நல்லதாப் போச்சுன்னு வாங்கி வச்சிக்கிட்டேன் என்றார். உன்னை ஒருத்தி வேண்டாம் என்று சொல்லக் கேட்டதும், அந்த நிலைமையிலும், எம் பொண்ணுக்கு என்ன கொறச்சல் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழுதார். எம் புள்ள ரெண்டு பொங்கலா வூட்டுக்கு வரலீங்க என்றார்.

போன் போட்டதும் அவர்தான். பெங்களூரில் வேலையில் இருந்தவனிடம் தன் பங்கையும் என் பங்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என் கையில் போனைக் கொடுத்தார். வினோவுக்குத் தெரியுமா ஆன்ட்டி என்றான் கதிரவன். இன்னும் இல்லப்பா என்றேன். அப்ப எனக்கு ஏன் மொதல்ல சொல்றீங்க, ரெண்டு வருஷமா அவ என்னைப் பத்தி என்ன நெனச்சிட்டிருப்பா, மொதல்ல அவகிட்ட சொல்லுங்க, எனக்காக அவகிட்ட எதுவும் பேசாதீங்க, ப்ளீஸ் என்று வைத்துவிட்டான். கோபமாகக்கூடப் பேசவில்லை. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பெண் பார்க்கலாம் என்று பேச்செடுத்தாலே போனை வைத்துவிடுகிறானாம். இது பொன்னி சொன்ன தகவல். தகவலாகத்தான் எழுதுகிறேன், யோசனையாக இல்லை.

சாயந்தரம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. அவ அழுதப்ப நீதான ஆறுதல் சொன்ன என்று ஒன்றே ஒன்று கேட்டார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. நேற்று வகுப்பில் அசைன்மென்டைக் கொடுத்தேன். இளவரசு சார் புரட்டிப் பார்த்து, மூணாவது ஆள் எங்கம்மா என்றார். மூணாவது ஆளுக்கு இன்னும் விஷயம் தெரியாது சார் என்றேன். மார்க் கொறையும்மா என்றார், கொறையட்டும் சார் என்றேன். இன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. காலையில் போனை எடுத்து உன் நம்பரைப் போடப் போனேன், அப்பா வந்து கையைப் பிடித்தார். போன்ல வேணாம், போன்ல நீ அழுவ, அப்புறம் அவ உன்னைத் தேத்திக்கிட்டு இருக்கணும், அவளுக்குக் கோவப்படக்கூட நேரம் இருக்காது, எழுது என்றார். இரண்டு நாள் கழித்து என்னிடம் அவர் பேசியது அதுதான். எழுதி முடித்ததும் தானே போய்த் தபாலில் போடுவதாகச் சொல்லி இப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையில் தபால் எடுக்க மாட்டார்கள் என்றாலும் கேட்கவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மன்னித்துவிடு என்று மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன். மேலே அடித்த இடம் தெரியும். அப்படி எழுதினால் அதையும் நீ எனக்காகச் செய்ய வேண்டிய ஒரு வேலையாகக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. அப்பாவிடம் மட்டும் பேசு, பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்க மாட்டேன். பொன்னி வீட்டு நம்பரைக் கவரின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன், கூப்பிடு என்றும் சொல்லவில்லை, கூப்பிடாதே என்றும் சொல்லவில்லை. யாரோடு இருந்தாலும், யாரும் இல்லாமல் இருந்தாலும், எங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், நீ நன்றாக இரு. நூறு வயசு இரு. போன மாதம் அனுப்பிய பருப்புப் பொடியில் இந்த மழைக்கு வண்டு வைத்திருக்கும், சலித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடு.

உன்னைப் பெற்று, உன்னிடமே பொய் சொன்ன
அம்மா
மலர்க்கொடி வைத்திலிங்கம்