ஆமாங்க மட்டும் சொன்னவன்

ஹாலிஎல, பதுளை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் கஜேந்திரனுக்கு,

மெல்பர்னில் நீயும் மருமகளும் பேத்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகன் துணையிருக்கட்டும். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல, மழையும் விட்டபாடில்லை. சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாமென்றால் நான் ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்னே நீ இரண்டு தீர்ப்புச் சொல்லிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் வெட்ட முடியாதல்லவா. எழுதி முடித்ததும் அப்பா போனில் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவார்.

உன் தங்கச்சி சிவசக்திக்கு நடந்ததை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். நமுனுகுல பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்களுக்குச் சேரவேண்டிய சேவைக்காலப் பணத்துக்காக அவள் வழக்காடி வென்றது உனக்குத் தெரியும். தோட்ட நிர்வாகம் பணத்தைக் கட்டியது, அது சிவசக்தி வழக்குக்காரர் பணத்துக்கென்று வைத்திருக்கும் கட்சிக்காரர் கணக்கில் இருந்தது, வழக்கு முடியுமுன்பே இறந்துபோனவர்களின் பிள்ளைகள் பத்திரங்களைக் கொண்டுவந்ததும் எல்லாருக்கும் ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த வெற்றி பத்திரிகையில் படத்தோடு வந்தது. நாமெல்லாம் அதை வெட்டி வைத்துக்கொண்டோம். இன்னொருத்தனும் வெட்டி வைத்துக்கொண்டிருக்கிறான்.

கனடாவிலிருந்து பேசுவதாகச் சொன்னான், பெயர் விஜேந்திரன் என்றான். தாத்தா நமுனுகுல பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி இந்தியா போனவராம், அவர் நினைவாகத் தெமோதரையில் காணி வாங்கி லயத்து வரிசை அறைகளில் இருக்கும் ஆட்களுக்கு வீடு கட்டித் தரப்போகிறானாம், காணி வேலையை இவள்தான் பார்க்க வேண்டுமாம். நம் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் என்ன செய்வோம்? சொந்தம் விசாரிப்போம். இவளும் விசாரித்தாள். நீங்க மேல்லயத்து அழகர் கங்காணி வீட்டு ஆளுங்களா என்று கேட்டாள், ஆமாங்க என்றான். பூர்வீகம் முசிறி பக்கமா, ஆமாங்க. கும்புடுற சாமி மதுரைவீரனா, ஆமாங்க. நான் முதலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தபோது புதிதாக வந்த டீச்சர்மாருக்குச் சொல்வதுண்டு, "நீளமான ஆறு மகாவலிதானே" என்று கேட்காதீர்கள், வகுப்பு முழுக்க "ஆமாங்க டீச்சர்" என்று கத்தும், நீங்களும் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள் என்று. போனை வைக்கும்போது அவனுக்கு ஒரு தாத்தா, ஒரு லயம், ஒரு ஊர், ஒரு குலசாமி எல்லாம் கிடைத்திருந்தன. அத்தனையும் இவள் கையால் கொடுத்தவை. அதற்குப் பிறகு அடையாள அட்டை கேட்பாளா? சொந்தக்காரனிடம் அட்டை கேட்பது நம் ஆட்களுக்கு வராது.

காணி உண்மையான காணி. பதிவகத்தில் உறுதிப் பத்திரத்தைத் தேடிப் பார்த்தாள், உறுதியும் உண்மை. காணிக்குச் சொந்தக்காரன் நான்தான் என்று கொழும்பிலிருந்து பேசியவன் மட்டும் பொய். கனடா வங்கியின் பெயரில் பெரிய தொகைக்கு ஒரு காசோலை கூரியரில் வந்தது, இவள் அதைக் கட்சிக்காரர் கணக்கில் போட்டாள். வெளிநாட்டுக் காசோலை பணமாகி வர வாரக்கணக்கில் ஆகும், ஆனால் வங்கியில் தெரிந்தவர்கள், நல்ல வாடிக்கையாளர் என்று முன்கூட்டியே வரவு வைத்தார்கள், திரும்பி வந்தால் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்று ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். உடனே அந்த விஜேந்திரன் அவசரப்படுத்தினான், முற்பணம் போகாவிட்டால் காணி கைமாறிவிடும் என்றான், இவள் அந்தக் கொழும்புக்காரன் சொன்ன கணக்குக்கு அனுப்பினாள். பரீட்சை எழுதி முடிப்பதும் பெறுபேறு வருவதும் ஒன்றல்ல என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். காசோலை கணக்கில் ஏறுவது பரீட்சை எழுதியது மாதிரி, அவ்வளவுதான். பெறுபேறு வந்தபோது காசோலை கள்ளக் காசோலை. அனுப்பிய முற்பணம் அதே நாளில் எடுக்கப்பட்டுவிட்டது. பொலிஸார் தேடிப் பிடித்த கணக்குக்காரன், யாருக்கோ தன் கணக்கை வாடகைக்கு விட்ட ஒரு ஆட்டோக்காரன். வங்கி கையெழுத்தைக் காட்டித் தன் பணத்தை எடுத்துக்கொண்டது. எடுத்தது யாருடைய பணம் தெரியுமா, கொழுந்துக் கூடை சுமந்து முதுகு வளைந்தவர்களின் பணம்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் நீ, "லோயர்னு சொல்லிக்கிட்டு ஒரு செக்கப் பாக்கத் தெரியலையா அவளுக்கு" என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், கோபத்தில் யாரும் சொல்வது. அடுத்தாற்போல் சொன்னாயே, "தோட்டத்து ஆளுங்களுக்கு என்ன தெரியப்போவுது, கேஸ் இன்னும் முடியலன்னு சொல்லச் சொல்லுங்க, ரெண்டு வருசம் ஓட்டலாம்" என்று. அதை ஜீரணிக்க முடியவில்லை தம்பி. உன் அப்பாயியும் அந்தத் தோட்டத்து ஆள்தான், கைரேகை வைத்துச் சம்பளம் வாங்கியவள்தான். அவளிடமும் இரண்டு வருடம் ஓட்டியிருப்பாயா? கனடாக்காரன் என்று சொன்னவன் நம்மை அறியாதவன், ஏமாற்றினான். நீ அறிந்தவன், ஏமாற்றச் சொல்கிறாய். இரண்டில் எது கசப்பு என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிவசக்தி உன் பேச்சைக் கேட்கவில்லை. போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் கூட்டி, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். முதலில் பெரியாயி எழுந்தாள், வழக்கில் முதல் சாட்சி சொன்னவள் அவள்தான், "ஒன்னய நம்பி மதுரவீரனுக்குக் கெடா வெட்ட நேந்துக்கிட்டேன் தாயி, இப்ப யார வெட்டச் சொல்ற" என்று கேட்டாள். பின்னாலிருந்து ஒரு கிழவர், "தொர ஏமாத்துனான், சங்கத் தலைவருமாரு ஏமாத்துனாங்க, இப்ப நம்ம புள்ளய வச்சே ஏமாத்துறானுங்க, நல்லா முன்னேறிட்டோம்டா" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அடித்திருந்தாலும் பரவாயில்லை. சிவசக்தி தலையைக் குனியாமல், உங்கள் காசு உங்களுக்கு வரும், என் கறுப்புக் கோட்டு போனாலும் வரும் என்று சொல்லிவிட்டு வந்தாள். கோட்டு போகவும் கூடும். லோயர்மாரை விசாரிக்கும் மேலிடத்துக்கு நடந்ததை அவளே எழுதி அனுப்பிவிட்டாள், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

ஆகவே இந்த வீட்டை விற்கிறோம். வியாழக்கிழமை உறுதி எழுதுகிறோம். வாங்குபவர் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஷப்ராஸ், அவர் மகள் ஸிஹாமாவுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். கேட்ட விலையைக் குறைக்கவில்லை, பெருநாள் வரைக்கும் இருங்க டீச்சர், வாடகைப் பேச்சே எடுக்காதீங்க என்றார். நீ அனுப்பிய காசில் எழும்பிய சுவர்கள் என்பதை மறக்கவில்லை. உறுதி என் பெயரில் இருக்கிறது, அதனால் உன் சம்மதத்தைக் கேட்டு எழுதவில்லை, தெரிவித்து எழுதுகிறேன். உன் பங்கு என்ன ஆனது என்று யாராவது கேட்டால், நமுனுகுலையில் போட்டிருக்கிறது என்று சொல். பெரியாயியின் மருந்தாகவும் யாரோ ஒருவரின் கூரைத் தகரமாகவும் இருக்கும். நாங்கள் தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இரண்டு அறை பார்த்திருக்கிறோம், அப்பா ஏறி இறங்கப் படி குறைவு.

நீ குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. வேலைக் கோபத்தை மருமகளிடம் காட்டாதே. பேத்திக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடு, உயிரெழுத்து முடிந்தால் போதும், மிச்சத்தை நான் போனில் பார்த்துக்கொள்கிறேன். உன் குடும்பம் நல்லாயிருக்க அப்பாவும் நானும் விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறோம். உன்மேல் மனம் கசந்திருந்தாலும் அது நிற்காது.

ஒன்றே ஒன்று. நேற்று சிவசக்தி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள், என்னடி என்றேன். அந்தக் கள்ளன் பேசிய நாளெல்லாம், காணியைப் பற்றிக் கேட்கும் முன்னால், "சாப்பிட்டியா தங்கச்சி" என்று கேட்பானாம். அவன் பொய்க்காவது கேட்டான். நீ கூடப்பிறந்தவன், இந்த இரண்டு மாதத்தில் அவள் நம்பருக்கு ஒருமுறையும் எடுத்துப் பேசவில்லை. வியாழக்கிழமைக்கு முன் எடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா
கலாராணி