உன் போர்ஷனுக்கு ஒரு டு-லெட் பலகை

இதை எழுதும் விரலில் சிவப்புப் பெயின்ட் இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் நிற்கிறது. அந்த வாடையோடு நேற்றிலிருந்து நீயும் இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறாய்.

நேற்றுதான் உன் சமையலறைப் பரணைக் காலி செய்யத் துணிந்தேன். நீ கண்மூடி எட்டு மாதமாகிறது. உன் போர்ஷனைப் பூட்டியே வைத்திருந்தேன். வாரம் ஒருமுறை திறந்து பெருக்குவேன், மறுபடி பூட்டுவேன். பரணில் உன் பெரிய பிரியாணிச் சட்டி, உடைந்த ஃபேன் இறக்கை இரண்டு, எதற்கென்றே தெரியாமல் நீ சேர்த்துவைத்த காலி பாட்டில்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், பழைய லுங்கியில் சுற்றி, நம்முடைய டு-லெட் பலகை.

மஸ்கட்டிலிருந்து உன் மகள் பேசினாள். "ஆன்ட்டி, உங்க இஷ்டம்தான். அம்மா போர்ஷன வாடகைக்கு விடுங்க. இல்லன்னா மொத்தமா வித்துடலாம். நீங்க ஒத்தை ஆளா எவ்ளோ நாள் பாத்துப்பீங்க?" இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறேன் என்று ஒரு பில்டர் வேறு இரண்டு முறை வந்து போனார். விற்றுவிடலாம் என்றுதான் நானும் பாதி மனதாக இருந்தேன். நான் பயந்தாங்கொள்ளி. உனக்குத் தெரியாததா?

கம்பெனியை மூடியபோதும் பயந்தது நான்தான். ஏற்றுமதிச் சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் நீ செக்கிங்கில், நான் ஆபீசில். பதினைந்து வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். பி.எஃப்., செட்டில்மென்ட் என்று வாழ்நாளுக்கும் சேர்த்து ஒரே ஒரு தொகை கைக்கு வந்தது. கல்யாணம் என்ற பேச்சே என் பக்கம் வந்து வந்து திரும்பிப் போய்விட்டதால், முதுமைக்கு எனக்கு வேறு துணை கிடையாது. உனக்கோ புருஷன் போய்ப் பல வருஷம், கையில் ஒரு பெண். நகையாக வாங்கிவிடலாம் என்றேன்.

"நகை வாடகை குடுக்குமாடி மாலா?" என்று கேட்டாய். "நாலு போர்ஷன் வூடு ஒண்ணு பாப்போம். கீழ ரெண்டுல நாம. மேல ரெண்டு வாடகைக்கு. மாசம் பொறந்தா சோறு."

எனக்கு நாவலூர் மேல்தான் கண். லிஃப்ட், நீச்சல்குளம் எல்லாம் உள்ள புது ஃபிளாட். பாதிப் பணத்துக்கு மேல் கடன் வாங்கவேண்டியிருக்கும். ஃபிளாட் விற்க நின்ற பையன் கூல்டிரிங்ஸ் கொடுத்து இருபது வருஷத் தவணையைப் பாடமாக ஒப்பித்தான். நீ முழுவதும் கேட்டுவிட்டு வெளியே வந்து சொன்னாய், "வட்டிக்கு வாங்குற வூட்ல எனக்குத் தூக்கம் வராதுடி. எங்க மார்க்கம் அப்படி. உனக்கு வேணும்னா நீ தனியா வாங்கிக்க, நான் கோச்சுக்க மாட்டேன்." நான் கோபித்துக்கொண்டேன். பஸ்ஸில் மேடவாக்கம் வரை பேசவில்லை. அந்த டிராஃபிக்கில் கோபப்படுவதற்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. இறங்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் ஆறு மாதம் அலைந்தோமே, அதை மறப்பேனா? சட்டையைச் சோதிக்கிற மாதிரியே வீட்டையும் சோதித்தாய். "உள்பக்கம் திருப்பிப் பாத்தாத்தான் தையல் தெரியும்" என்பாய். புரோக்கர் முன்வாசல் டைல்ஸைக் காட்டிக்கொண்டிருக்க, நீ விடுவிடுவென்று பின்பக்கம் போய்விடுவாய். முதலில் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர். பிறகு செப்டிக் டேங்க், மோட்டார், சுவரில் ஈரம். வீடு பிடித்துவிட்டால் மழை நாளில் குடையோடு இன்னொரு தடவை போவோம். தெருமுனையில் இஸ்திரி போடுகிற அம்மாவிடம், "மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வரும்க்கா?" என்று கேட்பாய். அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டினால் அந்த வீடு வேண்டாம்.

"இந்தம்மா வூடு வாங்க வந்துச்சா, கேஸ் விசாரிக்க வந்துச்சா?" என்று புரோக்கர் என்னிடம் புலம்பினார்.

கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் இது அமைந்தது. முப்பது வருஷக் கட்டடம், வெளியே மாடிப்படி, மழை பெய்த நான்காம் நாளும் ஈரம் தட்டாத சுவர். முப்பது வருஷத்துக்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்து, வக்கீலிடம் காட்டி, இரண்டு பேர் பெயரிலும் பத்திரம் பதிந்தோம். "கூட்டுல சொத்தா? அதுவும்..." என்று என் அண்ணன் இழுத்து, மிச்சத்தை விழுங்கிவிட்டான். அவன் விழுங்கியது என்னவென்று எனக்குத் தெரியும். அன்றே அவனைக் கேட்டிருக்கவேண்டும். நல்ல நாளில் வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அண்ணனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பலகையை எழுதியது யார்?

மேல் போர்ஷன்களுக்கு வெள்ளையடித்து முடித்த அன்று, நீ மார்க்கெட்டுக்குப் போயிருந்தாய். என் கையெழுத்து அழகு என்ற பெருமையில் பிளைவுட் துண்டில் நானே எழுதினேன். 'வீடு வாடகைக்கு.' அதோடு நிறுத்தியிருக்கலாம். தெருவில் மற்ற பலகைகளில் எல்லாம் அடியில் ஒரு வரி இருந்தது. வீட்டுக்காரி என்றால் அப்படித்தான் எழுதவேண்டும் என்று எண்ணிக்கொண்டு நானும் எழுதினேன், 'சைவம் மட்டும்.' ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற நான்.

நீ பையோடு வந்து நின்று படித்தாய். முதலில் சிரித்தாய். "எழுத்து ஜோரா கீது." பிறகு மெதுவாக, "அப்ப நம்ம ரெண்டு பேருக்கே இந்த வூட்ல எடம் இல்லியேடி?"

எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அப்போதுதான் நல்ல ஆட்கள் வருவார்கள் என்று ஏதோ உளறினேன். நீ மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாய். அன்றைக்குத்தான் சொன்னாய். வாடகைக்கு வீடு கேட்டுப் போன் செய்தால், பெயரைக் கேட்டதும், "இப்பத்தான் வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்பார்களாம். அதே பலகை அதே கேட்டில் இன்னும் ஒரு மாதம் தொங்குமாம். உன் முகத்தைப் பார்த்துத் தயங்கி, "நீங்க நான்-வெஜ்ஜா?" என்று மட்டும் கேட்பவர்கள் உண்டாம். ஒரு மாமி காபி கொடுத்து உபசரித்துவிட்டு, பெயரைக் கேட்டபின் கணவரைக் கலந்துகொண்டு சொல்வதாகச் சொன்னாராம். "காபி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாய்.

பதினைந்து வருஷம். நீ அடிக்கடி வீடு மாற்றுவதைப் பார்த்து, "உனக்குக் காலில் சக்கரமா?" என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். நீயும் கூடவே சிரித்திருக்கிறாய். அன்று வெட்கத்தில் என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அழுதேன். நீ அதற்கெல்லாம் அசரவில்லை. கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்டைக் கொண்டுவந்து பிரஷை என் கையில் கொடுத்தாய்.

"எழுதினது நீ. அடிக்கிறதும் நீயே அடி."

அந்த வரியின் மேல் பட்டையாக அடித்தேன். மறுநாள் வந்த முதல் குடும்பம் கோவளம் பக்கத்திலிருந்து. மாமியார் மீன் விற்பவர், மருமகள் நர்ஸ். குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லித்தான் அவர்களுக்கு வீட்டையே காட்டினாய். அவர்கள் கொடுத்த அட்வான்ஸை பேங்கில் தனியாகப் போட்டுவைத்தாய். "இது அவங்க காசு, நம்ம கைய வைக்கக் கூடாது." முதல் கோடையில் போர்வெல் வற்றியபோது, லாரித் தண்ணீருக்கு வெயிலில் நின்று நம் இரண்டு வீட்டுக்கும் முன்பாக மாடிக்கு ஏற்றினாய். ஒன்பது வருஷமாக அவர்கள் மேலேதான் இருக்கிறார்கள். வீட்டை வைத்துப் பிழைப்பது எப்படி என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நேற்று லுங்கியைப் பிரித்தேனா, பரணின் வெக்கையில் சிவப்பு செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. அடியிலிருந்து 'சைவம்' தெளிவாக எட்டிப்பார்த்தது. 'மட்டும்' பாதி. பில்டருக்கு போன் செய்வதா, பலகையை மாட்டுவதா என்று அதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் போர்ஷனில் இன்னொருவர் அடுப்புப் பற்றவைப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆனால் அந்த எழுத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோகவும் முடியவில்லை. கடைக்குப் போய்ச் சின்ன டப்பா சிவப்பு வாங்கிவந்து மறுபடி அடித்தேன். சாயங்காலம் கேட்டில் மாட்டினேன்.

இன்று காலை நான்காவதாக வந்த போன் ஒரு இளைஞருடையது. "மேடம், நாவலூர்ல வேலை. நானும் வைஃபும்தான். முன்னாடியே சொல்லிடறேன். என் பேரக் கேட்டுட்டு வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. லீவு போட்டு வந்து திரும்பிப் போறது பேஜாரா இருக்கு." பெயரைச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

"தண்ணி எப்படின்னு கேக்கவே இல்லியே, தம்பி?" என்றேன்.

"தண்ணியா, மேடம்?" என்று திரும்பக் கேட்டார்.

"வந்து மொதல்ல கொழாயத் திறந்து பாருங்க. அப்புறம் பின்பக்கம். முன்பக்கம் கடைசியாப் பாத்துக்கலாம்."

மதியம் இருவரும் வந்தார்கள். அந்தப் பெண் நேராகப் பின்பக்கம் போய்ச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். அப்படியே நீ செய்கிற மாதிரி. அப்புறம் உன் சமையலறையில் நின்றுகொண்டு, புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஆன்ட்டி, ஞாயித்துக்கெழம மீன் சமைச்சா ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே?"

"சமைக்காம இருந்தாத்தான் சொல்லுவேன்" என்றேன். சிரிக்கத்தான் நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் பயந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். பில்டரிடம் விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன், உன் மகளுக்கும் சொல்லிவிட்டேன். பலகையைக் கழற்றி அதே லுங்கியில் சுற்றியாயிற்று. இனி அது என் வீட்டுப் பரணில் இருக்கும். டப்பாவில் பாதிப் பெயின்ட் மீதி. மூடியை இறுக்கி, கைக்கு எட்டுகிற மாதிரி பலகைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.